ஓட்டோ மாடி ஏறிய கதை

உக்காருங்க தம்பி. ஐயோ, அதுல இல்ல, அது காட்சிக்கு வச்சது. ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி நாலுல செஞ்ச பெஞ்சு. அதுல ஆள் உக்காந்தா மேனேஜர் மார்லீன் எங்க இருந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துருவா. நமக்கு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

மார்லீனைத்தானே பாக்க வந்தீங்க? சாப்பிடப் போயிருக்கா. ரெண்டு மணிக்கு வருவா. ரெண்டுன்னா ரெண்டு, ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்காது. அவ கொள்ளுத்தாத்தா ஜெர்மனியில இருந்து கப்பல் ஏறி வந்தவர். அவர்தான் இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்தார்னு சொல்லிக்கிடுவா.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்கு ஹால் பாக்கவா? நல்ல ஹால் தம்பி. மூணாவது மாடி. நானூறு பேர் தாராளமா உக்காரலாம். மேடை இருக்கு, மைக் இருக்கு. சாப்பாடு வெளியில இருந்து கொண்டாரலாம், ஆனா தரையில சாம்பார் சிந்துனா நீங்க செத்தீங்க. பழைய மேப்பிள் பலகை, நூத்திமுப்பது வருஷம் ஆட்டம் ஆடுன தரை. பொங்கல் பானையை உள்ள வைக்க விடமாட்டாங்க. வெளியில கார் நிறுத்துற இடத்துல வச்சுக்கிடுங்கன்னு சொல்லுவா. ஜனவரியில அங்கன பால் பொங்காது, உறையும்.

நான் யாருன்னா கேக்கீங்க? பூதலிங்கம். நாகர்கோவில் பக்கம் பூதப்பாண்டி. இங்க எல்லாருக்கும் மிஸ்டர் லிங். சீனாக்காரர்னு நெனச்சு என்கிட்ட வணக்கம் வச்ச கூட்டமெல்லாம் உண்டு. சனிக்கிழமை ரெண்டரை மணிக்கு இந்தக் கட்டடத்தைச் சுத்திக் காட்டுதது நான்தான். அம்பது நிமிஷம். ஒரு வருஷமாச் செய்யுதேன். இனிமேச் செய்வேனான்னு தெரியல. எனக்கும் ரெண்டு மணிக்குத்தான் மார்லீன்கிட்ட வேலை. கட்டடத்துக் கமிட்டி வியாழக்கிழமை கூடிப் பேசிட்டாவ. என் சனிக்கிழமை எனக்கு உண்டா இல்லையான்னு இன்னைக்குச் சொல்லிருவா.

இல்ல, வருத்தம்னு ஒண்ணும் இல்ல. எனக்கு இப்ப எதுலயும் அப்படி ஒண்ணும் தோணுறதில்ல. ஆனா சனிக்கிழமை இல்லாட்டி வாரத்துல எனக்கு வேற நாளே கிடையாது, அதான். மத்த ஆறு நாளும் ஒண்ணு மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் சியாட்டில்ல இருந்து மகன் போன் பண்ணுவான். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன்." "மாத்திரை?" "போட்டேன்." முடிஞ்சுது.

இந்த வேலை என் வீட்டுக்காரியோடது தம்பி. குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேரு. நான் மொழின்னு கூப்பிடுவேன், இவங்களுக்கு மாலி. பதினோரு வருஷம் அவதான் இங்க சுத்திக் காட்டுனா. போன வருஷம் மாசி மாசம் போயிட்டா. தலையில ரத்தக் கசிவு. செவ்வாய்க்கிழமை விழுந்தா, வெள்ளிக்கிழமை எல்லாம் முடிஞ்சுது. எனக்கு அழுகை வரல. இன்னும் வரல. கண் டாக்டர்கிட்டப் போயிக் கேட்டேன், கண்ணுல ஏதும் கோளாறு இருக்குமான்னு. அவன் விளக்கடிச்சுப் பாத்துட்டு, கண்ணு நல்லாருக்கு, கண்ணாடிய மட்டும் மாத்துங்கன்னான். மாத்திட்டேன்.

அவளை எல்லாருக்கும் பிடிக்கும். பிடிக்காம இருக்குமா? சேலையைக் கட்டிக்கிட்டு, அதுக்கு மேல இவங்க குடுத்த பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, இந்தக் கட்டடத்தைக் கட்டுன ஜெர்மன்காரன் கதையைச் சொல்லுவா. பாட்டுச் சங்கம், உடற்பயிற்சி பண்ணுத கசரத்துச் சங்கம், கீழ பீர் ஹால், அதுல வாடிக்கைக்காரனுக்குன்னு தனி மேசை. மத்தவன் அதுல உக்காந்தா எழுப்பி விட்டுருவானாம். முதல் உலக யுத்தத்துல ஜெர்மன்காரன்னாலே அடிக்க வந்தாவளாம். அப்ப சுவத்துல எழுதியிருந்த ஜெர்மன் வாசகத்தையெல்லாம் இவங்களே ராவோடு ராவா வெள்ளையடிச்சு மறைச்சிருக்காவ. வாசல்ல இருந்த பேரையும் எடுத்துட்டு ஜெனரல் ஒருத்தர் பேரை வச்சிருக்காவ. அப்புறம் அறுபது வருஷம் கழிச்சுச் சுரண்டிச் சுரண்டி வெளிய எடுத்தாவ. அவ அந்த இடத்தைச் சொல்லும்போது ஜனங்க மூக்கை உறிஞ்சுவாவளாம். மார்லீன் சொன்னா. நான் பாத்ததில்ல.

நான் கார்ல இருப்பேன். சனிக்கிழமை கொண்டாந்து விடுவேன், அவ முடிச்சிட்டு வார வரைக்கும் கீழ காத்திருப்பேன், கூட்டிட்டுப் போவேன். பதினோரு வருஷத்துல ஒரு நாள் தவறல. பனியா, மழையா, காய்ச்சலா, வண்டி ரெண்டு மணிக்கு வாசல்ல நிக்கும். நீங்க நம்ம சங்கத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "அண்ணாச்சி மாதிரி பொண்டாட்டிய வச்சுத் தாங்குதவர் யாரு"ன்னு பெண்டுகளே சொல்லும். மேல வந்து எனக்கு என்ன வேலை? பீர் வாடையும் பன்னி வாடையும். நான் சுத்த சைவம். கார்ல தமிழ்ச் செய்தி கேப்பேன், கண்ணை அசருவேன். நேரம் போயிரும்.

சரி, அப்ப இதை எங்க படிச்சேன்னு கேளுங்க. அடுக்களையில.

இங்க சுத்திக் காட்டணும்னா முதல்ல கமிட்டி முன்னால மனப்பாடமா ஒப்பிக்கணும். அதுக்கு அவ ரெண்டு மாசம் வீட்டுல நின்னு படிச்சா. அப்புறமும் விடல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் சமைச்சிக்கிட்டே முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரு தடவை சொல்லிப் பாப்பா. ஃப்ரிட்ஜ்தான் மேடை. அடுப்புதான் வாசல் படி. சாமி படம் இருக்குத இடத்துல இந்த ஜெர்மன் சங்கத்துத் தலைவருங்க படம். பாத்திரம் கழுவுத இடத்துக்கு மேல ஒரு ஜன்னல் இருக்கு, அதான் இந்த ஆட்ட ஹால் ஜன்னல். நான் முன் ரூம்ல செய்தி பாத்துக்கிட்டு இருப்பேன். காதுல விழத்தானே செய்யும்? பதினோரு வருஷ வெள்ளிக்கிழமையைக் கணக்குப் போட்டுக்கிடுங்க. சினிமாப் பாட்டு மாதிரி ஏறிருச்சு.

அவ போய் ஒரு மாசம் இருக்கும். பச்சைக் கோட்டையும் சாவிக்கொத்தையும் திருப்பிக் கொடுக்கலாம்னு வந்தேன். பாத்தா மார்லீன் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கா. பத்தொம்பது பேர், ரிட்டையர்டு வாத்தியாருங்க கூட்டம், பஸ்ல வந்து இறங்கியாச்சு. சுத்திக் காட்ட ஆள் இல்ல. எனக்கு என்ன தோணுச்சோ, "எனக்குத் தெரியும்"னு சொல்லிட்டேன். மார்லீன் என்னையும் கோட்டையும் மாத்தி மாத்திப் பாத்தா. கோட்டு எனக்குப் பத்தல. ஆனாலும் மாட்டிக்கிட்டேன்.

வார்த்தை ஒண்ணுகூட மறக்கல தம்பி. கடகடன்னு வருது. ஆனா எனக்கு வார்த்தைதான் தெரியும், கட்டடம் தெரியாது. ஆட்ட ஹாலுக்குள்ள போனதும், "உங்கள் இடது கைப் பக்கம் இந்த நகரத்தின் மிக அழகான மேடை"ன்னேன். எல்லாரும் இடது பக்கம் திரும்புனாவ. அங்கன தீ அணைக்குத சிலிண்டர் ஒண்ணு தொங்குது. ஒருத்தர் போட்டோ எடுத்துக்கிட்டார்.

என்னாச்சுன்னா, அவ காலத்துல பெரிய மாடிப்படி ஏறி வாசக்கதவு வழியா உள்ள வருவாவ. அப்ப மேடை இடது பக்கம். அவ போனதும் மாடிப்படியை ரிப்பேருன்னு அடைச்சிட்டாவ. பின்பக்கம் லிஃப்ட்டுல ஏறி, பின்கதவு வழியா வரணும். இடது வலதாயிருச்சு. மத்த ஆளுங்க எல்லாரும் "வலது கைப் பக்கம்"னு மாத்திச் சொல்ல ஆரம்பிச்சாச்சு. மார்லீன் என்னையும் மாத்தச் சொன்னா. நான் முடியாதுன்னுட்டேன். மொழி இடதுன்னு சொன்னா இடதுதான். நான் வார்த்தையை மாத்தல, ஆளுங்களைத் திருப்பிட்டேன். லிஃப்ட்டுல இருந்து இறங்குனதும் எல்லாரையும் தரையைப் பாத்துக்கிட்டு நடக்கச் சொல்லுவேன். நிமிரக்கூடாது. ஹாலைக் குறுக்காத் தாண்டி, அடைச்சுக் கிடக்கிற வாசக்கதவு வரைக்கும் போய், அங்கன திரும்பி நின்னு, "இப்ப நிமிருங்க." இடது கைப் பக்கம் மேடை. இது ஏதோ ஜெர்மன் சம்பிரதாயம்னு நெனச்சு ஜனங்க பயபக்தியா நடக்கும். ஒரு கிழவர் தொப்பியைக் கழத்திட்டு நடந்தார்.

அதே மாதிரி, அவ எங்க நிறுத்துவாளோ நானும் அங்கதான் நிறுத்துவேன். பாட்டுச் சங்கத்தைப் பத்திச் சொல்லும்போது நடுவுல ஒரு இடம். குக்கர் விசில் வாரதுக்காக நிறுத்துவா. மூணு விசில். நானும் மூணு விசில் நேரம் பேசாம நிப்பேன். ஜனங்க அதை என்னமோ மௌன அஞ்சலின்னு எடுத்துக்கிட்டு அசையாம நிக்கும்.

ஒரே ஒரு குறை. யாராவது கேள்வி கேட்டா எனக்குப் பதில் தெரியாது. அவ அடுக்களையில பதில் சொல்லிப் பழகலையே, யாரும் கேக்கலையே. "நல்ல கேள்வி"ன்னு சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருவேன். புகார் வந்துது. மார்லீன் சொன்னா, "மிஸ்டர் லிங், நீங்க ரெக்கார்டு மாதிரி பேசுதீங்களாம். கொஞ்சம் உணர்ச்சியோட சொல்லுங்களேன்." எந்த இடத்துலன்னு கேட்டேன். எல்லா இடத்துலயும்னா. எனக்கு அது பிடிபடல.

இப்ப விஷயத்துக்கு வாரேன்.

ஆட்ட ஹால்ல தெருப்பக்கமா ஆறு ஜன்னல் இருக்கு. நாலாவது ஜன்னல்கிட்ட நின்னு அவ ஒரு கதை சொல்லுவா. சுத்திக்காட்டுதது முடியுத இடம். இந்தச் சங்கத்துல ஹெட்விக்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். சனிக்கிழமை சனிக்கிழமை பெண்கள் பாட்டுக் குழுவுல பாட வருவா. அவ புருஷன் ஓட்டோ. குதிரைக்குச் சேணம் தைக்கிறவன். வண்டியில கொண்டாந்து விடுவான். மேல வரமாட்டான். பாட்டு, பீர் எல்லாம் அவனுக்கு ஆகாது. கடிவாளத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கீழயே உக்காந்திருப்பான். அவ பாட்டுக் குழுவுல கடைசி வரிசையில நிப்பா, இந்த ஜன்னலை ஒட்டி. அங்க இருந்து பாத்தா அவன் தொப்பி மட்டும் தெரியும். பனிக்காலத்துல அந்தத் தொப்பி மேல வெள்ளையாச் சேர்ந்துக்கிட்டே போகுமாம். அவனுக்குக் கேக்கட்டும்னு அவ சத்தமாப் பாடுவா. பாட்டு வாத்தியார் திட்டுவார், "ஹெட்விக், நீ ஹாலுக்குப் பாடு, தெருவுக்குப் பாடாதே"ன்னு.

அவ்வளவுதான் கதை. ஓட்டோ கீழ, ஹெட்விக் மேல. அதோட முடிஞ்சுது.

எனக்கு அந்த ஓட்டோவைக் கண்டாலே ஆகாது தம்பி. என்ன மனுஷன் அவன்? மேல போய் ஒரு தடவை உக்காந்து கேட்டா குடியா முழுகிப் போகும்? பாட்டு பிடிக்காட்டி வீட்டுக்காவது போயிருக்கணும். அதுவும் இல்ல, இதுவும் இல்ல. பனியில அந்தக் குதிரை என்ன பாவம் பண்ணுச்சு? கதையைச் சொல்லிட்டு இதையும் சேத்துச் சொல்லுவேன். என் சொந்தச் சரக்குன்னா அது ஒண்ணுதான். ஜனங்க சிரிக்கும். மார்லீன் மட்டும் சிரிக்க மாட்டா, என்னையே பாத்துக்கிட்டு நிப்பா. சரி, ஜெர்மன்காரனைத் திட்டுதோமேன்னு அவளுக்குக் கோவம்னு நெனச்சுக்கிட்டேன்.

சித்திரை வைகாசி இருக்கும், ஒரு சரித்திரப் பேராசிரியர் வந்தார். "ஓட்டோவோட குடும்பப் பேரு என்ன? எந்த வருஷம்?" நான் நல்ல கேள்வின்னேன். மனுஷன் விடல, மார்லீன்கிட்டப் போய்க் கேட்டிருக்கார். அவ என்கிட்ட வந்தா. "மிஸ்டர் லிங், இது நம்ம ஆவணம் எதுலயும் இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மொழி சொன்னா."

"மாலிக்கு எப்படித் தெரியும்?"

"அவ பொய் சொல்ல மாட்டா. நாப்பத்தோரு வருஷம் கூட இருந்தவன் சொல்லுதேன்."

ஆதாரம் இல்லாட்டி சொல்லக்கூடாதுன்னு கமிட்டி சொல்லிட்டாவ. ஆதாரம்தானே, நான் கொண்டாரேன்னேன். மேல பரண் ரூம்ல பழைய உறுப்பினர் பட்டியல் பெட்டி பெட்டியா இருக்கு. நாலு மாசம் தம்பி. தினமும் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டு வந்துருவேன். எல்லாம் ஜெர்மன் எழுத்து, அதுலயும் பழைய எழுத்து, ஜிலேபி சுத்துன மாதிரி இருக்கும். எனக்கு ஒரு எழவும் படிக்கத் தெரியாது. ஓட்டோங்கிற பேரோட உருவத்தை மட்டும் ஒரு தாள்ல வரைஞ்சு வச்சுக்கிட்டு, அதைப் பக்கத்துல வச்சு வச்சுத் தேடுனேன். பதினாலு ஓட்டோ கிடைச்சான். ரொட்டி சுடுதவன், அச்சடிக்கிறவன், டாக்டர், பொணப்பெட்டி செய்யுதவன். சேணம் தைக்கிறவன் இல்ல. ஹெட்விக்னு ரெண்டு பேர் இருந்தாவ. ஒருத்தி கல்யாணமே ஆகாதவ. இன்னொருத்தி புருஷனே பாட்டு வாத்தியார்.

நான் மார்லீன்கிட்டத் தெளிவாச் சொல்லிட்டேன், உங்க பட்டியல் தப்புன்னு. பின்ன? மொழி ஒண்ணு சொன்னா அது அப்படித்தான் இருக்கும். மளிகைக்கடைக்காரன் ஒரு மிளகா கூடப் போட்டாலும் திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்கிறவ அவ.

போன மாசம் மார்லீன் என்னை ஆட்ட ஹாலுக்கே கூட்டிட்டுப் போனா. கையில ஒரு நீலக் கவர். சுத்திக்காட்டுத ஒவ்வொருத்தரும் தாங்கள் பேசப்போறதை எழுதிக் குடுக்கணும், அது ஆபீஸ் டிராயர்ல இருக்கும். மொழியோடதைத் தேடி எடுத்திருக்கா. "மிஸ்டர் லிங், உக்காருங்க, நான் படிக்கேன்"னா. நான் நின்னேன்.

கடைசிப் பக்கத்துல, ஜன்னல் கதைக்குப் பக்கத்துல, பென்சில்ல எழுதியிருக்கா. "இது என் கற்பனை. ஓட்டோவும் ஹெட்விக்கும் நான் உண்டாக்கியவர்கள். வந்தவர்கள் ஒரு சிரிப்போடு வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காக. கமிட்டிக்கு ஆட்சேபணை என்றால் விட்டுவிடுகிறேன்." அந்தக் காலத்துக் கமிட்டி ஆட்சேபணை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. அவ எழுத்துதான், எனக்குத் தெரியாதா? மளிகைச் சீட்டுல எத்தனை தடவை பாத்திருக்கேன்.

சரி, கற்பனைன்னா கற்பனை. கதைன்னு சொல்லித்தானே எழுதியிருக்கா, அது எப்படிப் பொய்யாகும்? நான் அதைத்தான் மார்லீன்கிட்டச் சொன்னேன். அவ "இன்னும் இருக்கு, கேளுங்க"ன்னா.

கதை நான் சொன்ன இடத்துல முடியல தம்பி. எனக்கு முழுக் கதையும் தெரியாதாம். ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். வெள்ளிக்கிழமை அவ அந்த இடத்துக்கு வரும்போது எனக்குக் காபி நேரம். "ஏளா, காபி"ன்னு ஒரு சத்தம் கொடுப்பேன். அவ அதோட நிறுத்திட்டு டிகாஷன் இறக்கப் போயிருவா. பதினோரு வருஷமும் கதை அந்த இடத்துலயே நின்னிருக்கு.

மிச்சத்தை மார்லீன் படிச்சா. ஒரு சனிக்கிழமை ஓட்டோ குதிரையைக் கம்பத்துல கட்டுனான். தொப்பியில இருந்த பனியைத் தட்டி விட்டான். மாடி ஏறி வந்தான். அவன் வந்து சேரும்போது பாட்டு முடிஞ்சு போச்சு. நாற்காலியெல்லாம் மடக்கி வச்சாச்சு. ஹெட்விக் மட்டும் இந்த ஜன்னல்கிட்ட நிக்கா. "கீழ கேட்டுதா?"ன்னா. "எல்லா வாரமும் கேட்டுது"ன்னான். அப்புறம் பாட்டு இல்லாமலே ரெண்டு பேரும் இந்தத் தரையில ஒரு சுத்து ஆடுனாவ. ஹாலோட விளக்கை அணைக்க வந்த காவக்காரன் அதைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். நன்றி, வணக்கம், படியில பாத்து இறங்குங்கன்னு எழுதியிருக்கா.

மார்லீன் தாளை மடிச்சு வச்சிட்டு ஜன்னல் வழியாக் கீழ பாத்தா. நானும் பாத்தேன். கீழ என் கார் நின்னுது. நான் எப்பவும் நிறுத்துத இடம். ரோட்டுல போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டுக்கு உள்ளதான் நிறுத்தியிருந்தேன், ஒரு தப்பும் இல்ல. அவ எதுக்கு அதையே பாக்கான்னு எனக்கு அப்பப் புரியல. அவ கண்ணு கலங்கியிருந்துது. நான் தண்ணி வேணுமான்னு கேட்டேன்.

வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகும்போது பாதி வழியில சிக்னல்ல நிக்கேன். பச்சை விழுந்துட்டு, திரும்பவும் சிவப்பு விழுந்துட்டு. பின்னால ஹார்ன் அடிக்கான். நான் அப்படியே உக்காந்திருக்கேன். அப்பத்தான் புரிஞ்சுது. புரிஞ்சும் ஒண்ணும் ஆகல தம்பி. வீட்டுக்குப் போய்ச் சோறு வச்சேன். மோர் ஊத்திச் சாப்பிட்டேன். ஆனா அன்னையில இருந்து கையி விறைச்ச மாதிரியே இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டணும்.

கமிட்டிக்கு ரொம்பத் திருப்தி. "மிஸ்டர் லிங், கதைன்னு சொல்லியே சொல்லுங்க. ஆனா மாலி எழுதுன முடிவோட சொல்லுங்க. அவளுக்கு நாம செய்யுத மரியாதை"ன்னாவ. இதுல மறுக்க என்ன இருக்கு? அவ வார்த்தையில ஒண்ணை மாத்தமாட்டேன்னு இந்தக் கட்டடத்தையே திருப்பிப் போட்டவன் நான். சரின்னுட்டேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால நின்னு படிச்சேன். நல்லா வந்துது. பழுது இல்லாம வந்துது.

போன சனிக்கிழமை பதினாறு பேர். எல்லாம் ஒழுங்காப் போச்சு. தரையைப் பாத்து நடந்தாவ, நிமிந்தாவ, மேடையைப் பாத்தாவ. மூணு விசில் நேரம் நின்னேன். நாலாவது ஜன்னலுக்கு வந்தோம். தொப்பி, பனி, பாட்டு வாத்தியார் திட்டுதது எல்லாம் சொல்லியாச்சு. "ஒரு சனிக்கிழமை ஓட்டோ"ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கு மேல வாய் ஓடல. வார்த்தை மறக்கல தம்பி, வார்த்தை எல்லாம் முன்னால வரிசையா நிக்கு. என்னால சொல்ல முடியல. ஏறி வந்தான்னு எப்படிச் சொல்ல? வரலையே. நாப்பத்தோரு வருஷத்துல அவ சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் எனக்காகச் சொல்லியிருக்கா. அதைப் போய் நானே நின்னு, அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு, ஆமா வந்தான்னு ஊருக்குச் சொல்லணுமா?

மார்லீன் பின்கதவுகிட்ட நிக்கா. பதினாறு பேரும் என் வாயையே பாக்காவ. முன்னால நின்ன அம்மா ஒருத்தி, எழுபது வயசு இருக்கும், கைத்தடி வச்சிருந்தா. மெதுவாக் கேட்டா, "அவர் மேல வந்தாரா?"

எனக்குக் கேள்வின்னாலே ஆகாது, சொன்னேன்ல. நல்ல கேள்வின்னு சொல்லிட்டு நகர்ந்திருக்கணும். "இல்ல"ன்னு சொல்லிட்டேன்.

"ஐயோ, ஏன்?"

"அவனுக்குத் தோணல"ன்னேன். "யாரும் தடுக்கல. கதவு தொறந்துதான் இருந்துது. காலு நல்லாத்தான் இருந்துது. தோணல."

மார்லீன் வேகமா வந்து என் முழங்கையைப் பிடிச்சா. மிச்சத்தை அவ சொல்லி முடிச்சா, அவன் ஏறி வந்தான், ஆடுனான்னு. ஜனங்க கை தட்டிட்டு லிஃப்ட்டுக்குப் போயிட்டாவ. அதுக்குத்தான் கமிட்டி கூடியிருக்கு. மிஸ்டர் லிங்குக்குக் கொஞ்ச நாள் ஓய்வு குடுக்கலாமான்னு. குடுக்கட்டும். அந்த முடிவை மட்டும் மார்லீன் சொல்லட்டும், மத்ததையெல்லாம் நான் சொல்லுதேன்னு கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். சம்மதிப்பாளான்னு தெரியல.

அந்தக் கைத்தடி அம்மா மட்டும் கூட்டத்தோட போகல. என் பக்கத்துலயே நின்னா. நின்னுட்டு இன்னொண்ணு கேட்டா. "அவ அவனைக் கூப்பிடலையா?"

கூப்பிட்டா தம்பி. முதல் வருஷம் பூரா, ஒவ்வொரு சனிக்கிழமையும் கார்ல இருந்து இறங்கிக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. "இன்னைக்காவது மேல வாங்களேன்"ம்பா. நான் "நீ போளா, நேரமாச்சு"ம்பேன். அப்புறம் ஒரு வாரம் கூப்பிடல. கதவைச் சாத்திட்டுப் போயிட்டா. அதுக்கு அடுத்த வாரமும் கூப்பிடல.

எந்த வாரம் நிறுத்துனான்னு அன்னையில இருந்து யோசிச்சுப் பாக்கேன். ஞாபகமே வரமாட்டேங்கு.